மாலை விழுந்ததும் சிரிக்க வேண்டும்

இருங்கள் தம்பி, சட்டத்தை எடுத்துக்கொள்கிறேன், உட்காருங்கள். மெட்ராஸிலிருந்து நானும் இதுவுமாக இரண்டு சீட்டில் ஜம்மென்று வந்தோம். திருச்சியில் கூட்டம் ஏறும், மடியில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்று கண்டக்டர் அப்போதே சொன்னார். காலை இப்படி நீட்டிக்கொள்ளுங்கள். கண்ணாடி போட்ட சட்டம், அதுதான் பயம். பேப்பர் சுற்றித்தான் வைத்திருக்கிறேன், இருந்தாலும் இந்த டிரைவர் போடுகிற பிரேக்குக்கு எதுவும் தாங்காது.

என்ன, பேப்பர் கிழிந்த இடத்தில் எட்டிப் பார்க்கிறீர்கள்? ஆமாம், போட்டோதான். யாருடையதா? அதைப் பாருங்கள், என்னைப் பாருங்கள். சந்தன மாலை போட்டிருக்கிறதே என்று யோசிக்கிறீர்கள், இல்லையா? நெற்றியில் குங்குமமும் வைத்திருக்கிறது, அது பேப்பருக்குள்ளே. செத்தவன் தன் போட்டோவைத் தானே தூக்கிக்கொண்டு ஊருக்குப் போவதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

ஓ, சிரிப்பு வந்துவிட்டதா? கண்டுபிடித்துவிட்டீர்கள். "நீங்க டீ பெரியப்பாதானே?" ஆமாம், நான்தான். டீ பெரியப்பாதான். சொந்தப் பெயர் தெட்சிணாமூர்த்தி, அதை யார் கேட்கிறார்கள்? போனைக் கீழே வையுங்கள், போட்டோ அப்புறம் எடுத்துக்கொள்ளலாம். நான் இறங்குகிற துவரங்குறிச்சிக்கு இன்னும் நேரமிருக்கிறது. முழுக் கதையையும் சொல்கிறேன். உங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு அந்த ஒரு நிமிஷத்து வீடியோ மட்டும்தான் தெரியும். அதற்குப் பின்னால் ஒரு கலைஞன் இருக்கிறான் என்பது தெரியாது.

"முல்லைக்கொடி வீடு" சீரியலில் மூன்று வருஷம் சிவசாமி பெரியப்பாவாக நடித்தேன். நாடகத்திலிருந்து வந்தவன் நான். அதனால் எனக்கு வசனம் குறைவாகத்தான் கொடுப்பார்கள், மற்றவர்கள் அடிபட்டுப் போவார்கள் என்று. கதாநாயகி அழும்போது பின்னால் நிற்க வேண்டும், "பொறுமையா இரும்மா" என்று சொல்ல வேண்டும். அதைத்தான் மூன்று வருஷமாகச் சொன்னேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பொறுமை. பார்க்கிறவர்களுக்குத் தெரியும்.

அப்புறம் சேனலுக்குப் புதிதாக ஆரபி மேடம் வந்தார். எந்த சேனல் என்று கேட்காதீர்கள், பெயர் வேண்டாம். நிகழ்ச்சிகளுக்கெல்லாம் தலைமை அவர்தான். சின்ன வயசு, கையில் எப்போதும் லேப்டாப். எங்களையெல்லாம் உட்கார வைத்து கோடு கோடாகப் படம் காட்டினார். ஏழரை மணிக்கு டிவி முன்னால் உட்காருகிறவர்கள் எல்லாம் ஐம்பதைத் தாண்டிய அம்மாக்களாம். அவர்களுக்குக் கீழே இருக்கிற அத்தனை பேரும் போனுக்குப் போய்விட்டார்களாம். இனிமேல் டிவிக்கு ஒரு சமையல், போனுக்கு ஒரு சமையல் என்றார். அன்றிலிருந்து சேனலே தலைகீழ். முன்பு சமையல் நிகழ்ச்சியில் அரை மணி நேரம் வெங்காயம் வதங்கும், நாமும் கூடவே வதங்குவோம். இப்போது போனில் பாருங்கள், கத்தியை எடுக்கிறார்கள், அடுத்த நொடி குருமாவைக் காட்டுகிறார்கள். செய்தி வாசிக்கிறவர் இத்தனை காலம் ஒழுங்காக உட்கார்ந்து வாசித்தார். அவரை எழுப்பி நடக்கவிட்டார்கள். பாவம், ரமணன் என்று பெயர். மூச்சு வாங்க வாங்க நாட்டு நடப்பைச் சொல்லுவார். உட்கார்ந்து வாசித்தால் சின்னப் பிள்ளைகள் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்களாம்.

எங்கள் சீரியலுக்கு என்ன வழி என்று பேச்சு வந்தது. அம்மாக்களுக்கு அழுகை வேண்டும், ஒரு சாவு விழுந்தால் ரெண்டு மாசம் நிமிர்ந்து நிற்கும் என்று லேப்டாப் சொல்லிவிட்டது. யார் சாவது? அத்தனை பேர் இருந்த அந்த அறையில், மேடம் நேராக என்னைத்தான் பார்த்தார். "சார், உங்களை எல்லாருக்கும் புடிக்கும். அதே சமயம் நீங்க இல்லேன்னாலும் கதை ஓடும். நீங்கதான் பெஸ்ட்" என்றார். பெஸ்ட் என்று சொன்னார், தம்பி. எத்தனையோ பேர் இருக்கும்போது. சாவதற்கும் ஒரு முகவெட்டு வேண்டும் இல்லையா?

வீட்டில் என் மனைவி செண்பகத்துக்குப் பிடிக்கவில்லை. "வேண்டாங்க. மாடிப்படியில விழுந்து நினைவு தப்பிப் போற மாதிரி வேணா கேளுங்க. சாக மட்டும் ஒத்துக்காதீங்க" என்றாள். அவளுக்கு நடிப்பு என்றால் என்ன தெரியும்? கோமாவில் படுத்துக் கிடப்பதற்கு நான் எதற்கு, ஒரு தலையணையைப் படுக்க வைத்தால் போதாதா?

செத்தேன். அமர்க்களமாகச் செத்தேன். இரண்டு நாள் பாடையில் படுத்திருந்தேன். மூக்கில் பஞ்சு, தாடையில் கட்டு, கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து ஒரு கட்டு. சுற்றிலும் பெண்கள் மாரடித்து அழுகிறார்கள். ஒரு சிமிட்டல் கிடையாது. மூக்கின்மேல் ஈ உட்கார்ந்தபோதுகூட அசையவில்லை. டைரக்டர் சபேசன் சார் பழைய ஆள், சினிமாவிலிருந்து வந்தவர், அவரே சொன்னார், "தெட்சிணா, உயிரோட இருந்தப்ப இவ்வளவு நல்லா நீ பண்ணினதே இல்லய்யா" என்று.

இங்கேதான் தம்பி, நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சாவுக் காட்சி எடுத்தால் அதோடு கட் சொல்லி விளக்கை அணைக்கக் கூடாது. செத்தவன் எழுந்து உட்கார்ந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் படம் பிடிக்க வேண்டும். அப்புறம் பூசணிக்காய் சுற்றி உடைக்க வேண்டும். அப்போதுதான் அந்தச் சாவு நடிப்போடு போகும், ஆளைத் தொடாது. அந்தச் சிரிப்பு ஷாட்டை எவனும் எங்கேயும் ஒளிபரப்ப மாட்டான். எடிட்டிங்கில் இருக்கிறவன் அதைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஓரமாக வைத்துவிடுவான். அது சாமிக்கு எடுத்தது. ஜனங்களுக்கு எடுத்ததில்லை.

சபேசன் சார் இதில் கண்டிப்பானவர். "எந்திரி, சிரி" என்றார். எழுந்து உட்கார்ந்தேன். கதாநாயகிப் பெண் ஊக்கத்தில் இருந்தது, கட் சொன்னதே காதில் விழாமல் "பெரியப்பா, என்னை விட்டுட்டுப் போயிட்டீங்களே" என்று பாடைக் காலைப் பிடித்துக்கொண்டு கதறுகிறது. நான் பார்க்கிறேன், புரொடக்‌ஷன் ஆள் டீ கேனைத் தூக்கிக்கொண்டு வெளியே போகிறான். காலையிலிருந்து பிணமாகக் கிடந்தவனுக்கு யார் டீ கொடுப்பார்கள்? வாயில் வந்துவிட்டது. "டீ முடிஞ்சிருச்சா? எனக்கு வச்சிருக்கீங்களா?" மூக்கில் பஞ்சு இருக்கிறதா, குரல் வேறு எங்கிருந்தோ வந்தது. அப்புறம்தான் சிரிக்க வேண்டும் என்று ஞாபகம் வந்து கேமராவைப் பார்த்து எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தேன். பூசணிக்காய் உடைத்தார்கள். அவ்வளவுதான். கதை முடிந்தது என்று ஊருக்கு வந்துவிட்டேன்.

ஆனால் என் போட்டோ அங்கேயே இருந்தது. இதோ, இதேதான். உயிரோடு இருந்தபோது வாரத்தில் ஒருநாளோ இரண்டு நாளோ டிவியில் வருவேன். செத்த பிறகு தினமும் வந்தேன். கதாநாயகிக்கு எந்தக் கஷ்டம் வந்தாலும் நேராக என் போட்டோவுக்கு முன்னால் வந்து நிற்பாள். கேமரா அவள் முகம், என் முகம், அவள் முகம், என் முகம் என்று போகும். என் முகத்தில்தான் அதிக நேரம் நிற்கும். ஊரில் இருக்கும் நாளில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒரு எபிசோடு விடாமல் பார்ப்பேன். வெளியூர் போனாலும் எங்காவது டீக்கடையில் நின்று பார்த்துவிடுவேன்.

செண்பகம் மட்டும் பார்க்க மாட்டாள். பாட்டுச் சத்தம் கேட்டதும் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவாள். ஏற்கெனவே தேய்த்த பாத்திரத்தை மறுபடியும் தேய்ப்பாள். வெளியூரில் இருந்தால் இன்னும் மோசம். என் போட்டோ வருகிற நேரம் பார்த்து சரியாக ஏழரைக்குப் போன் அடிப்பாள். எடுத்தால் விஷயம் ஒன்றுமிருக்காது. "சாப்டீங்களா?" என்பாள். ஏழரைக்கு எவன் சாப்பிடுவான்? "சாப்பிடல, அப்புறம் பேசறேன்" என்பேன். "இல்ல, சும்மா குரலைக் கேக்கலாம்னு" என்று இழுப்பாள். கேட்டுக்கொண்டே இருப்பாள். வைக்கவும் மாட்டாள். அதற்குள் என் சீன் போய்விடும். புருஷன் பெயர் வாங்குவதில் பெண்டாட்டிகளுக்கு எப்போதும் ஒரு பொறாமை இருக்கத்தான் செய்கிறது, தம்பி. உங்களுக்குக் கல்யாணம் ஆகும்போது தெரியும்.

கல்யாணம் என்றதும்தான் விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் அபிநயா. ஒரே பெண். பேருக்கேற்றபடி நடிக்க வருவாள் என்று வைத்தேன், பார்மசி படித்துவிட்டு மாத்திரை கொடுத்துக்கொண்டிருக்கிறாள். சிங்கம்புணரியில் ஒரு இடம் அமைந்தது. பையன் சரவணப்பெருமாள், மின்வாரியத்தில் இருக்கிறான். தங்கமான பிள்ளை. அவனுக்கு அப்பா இல்லை, அம்மா மட்டும்தான். கோமளவல்லி அம்மாள். பெண் பார்க்க வந்தார்கள். நான் வாசலில் கைகூப்பி நின்றேன். அந்த அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அப்படியே ஒரு அடி பின்னால் போய்ப் பையன் கையைப் பிடித்துக்கொண்டார். தட்டிலிருந்த ஆப்பிள் ஒன்று உருண்டு தெருவுக்கே போய்விட்டது. டிவியில் பார்த்த நடிகனைத் திடீரென்று நேரில் பார்த்தால் இப்படித்தான் ஆகும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

நிச்சயம் முடிந்த மறுவாரம் செண்பகத்துக்குப் போன் வந்தது. அந்த அம்மாள்தான். சுற்றி வளைத்துப் பேசி, கடைசியில் சொல்லியிருக்கிறார். "தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. பொண்ணைத் தாரை வார்த்துக் குடுக்கறதுக்கு உங்க தம்பியும் தம்பி சம்சாரமும் நின்னா நல்லாருக்கும். தெனமும் அந்த மூஞ்சியை மாலையோட பாக்குறேன். மணமேடையிலயும் அதே மூஞ்சிக்கு மாலை விழுந்தா எனக்கு மனசு ஒப்பல." தாரை வார்க்கும்போது பெண்ணின் அப்பாவுக்கு மாலை போடுவார்கள் இல்லையா, அதைத்தான் சொல்கிறார். பிறகு பையன் மூலமாகத் தெரிந்தது. அவர்கள் வீட்டில் டிவிக்கு நேர் மேலே அந்த அம்மாளின் வீட்டுக்காரர் போட்டோ மாட்டியிருக்கிறதாம். அதிலும் இதே மாதிரி சந்தன மாலைதானாம். ஏழரை ஆனால் மேலே ஒன்று, கீழே ஒன்று.

செண்பகம் என்னைத் திட்டவில்லை. "அப்பவே சொன்னேன்" என்றாள், உள்ளே போய்விட்டாள். அபிநயாதான் குதித்தாள். "எங்கப்பா நிக்கலேன்னா எனக்கு இந்தக் கல்யாணமே வேணாம்." நான் அவளைச் சமாதானப்படுத்தினேன். "அப்பா பாக்காத மேடையாம்மா? நான் பந்தியில நின்னு எல்லாரையும் கவனிச்சுக்கறேன். மாமா நிக்கட்டும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். நன்றாகத்தான் நடித்தேன். சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு மெட்ராஸ் கிளம்பிவிட்டேன்.

ஆரபி மேடம் முன்னால் போய் நின்றேன். "மேடம், எனக்கு உயிர் வேணும்" என்றேன்.

"சார்?"

"ஒரே ஒரு எபிசோடு போதும். செத்தது நான் இல்ல, என்னை மாதிரி இன்னொருத்தன்னு சொல்லிடுங்க. காசிக்குப் போயிருந்தேன்னு வந்து நிக்கறேன். கல்யாணத்துக்கு முன்னாடி டிவியில வந்துடணும். போட்டோவுலேர்ந்து மாலையைக் கழட்டிடணும்."

மேடம் நல்லவர். சிரிக்கவில்லை. லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். "இந்த உசரம் பாருங்க, இது உங்க போட்டோ சீன். இப்ப நீங்க உயிரோட வந்தா இது இங்க போயிடும்" என்று விரலைத் தரையை நோக்கிக் காட்டினார். என் உயிர் அந்தக் கோட்டில்தான் தொங்கிக்கொண்டிருந்தது, தம்பி. செத்தால் மேலே, பிழைத்தால் கீழே.

எழுந்து வந்தேன். வெளியே ஒரு கண்ணாடி அறையில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். போனுக்காகத் துண்டு துண்டாக வீடியோ வெட்டுகிற கூட்டம். என்னைப் பார்த்ததும் நிவேதா என்ற பெண் ஓடி வந்தது. "சார், பழைய ஃபுட்டேஜ்ல உங்க ஷாட் ஒண்ணு பாத்தேன். யாரோ யூஸ் பண்ணாம விட்டுட்டாங்க. சூப்பரா இருந்துச்சு, காலைலதான் போட்டேன்" என்றது. போனைக் காட்டியது. பாடையில் எழுந்து உட்கார்ந்திருக்கிறேன். டீ கேட்கிறேன். சிரிக்கிறேன்.

அந்தப் பெண்ணுக்கு வழக்கம் தெரியவில்லை. அந்த அறையில் யாருக்குமே தெரியவில்லை. சாமிக்கு எடுத்ததை எடுத்து ஊருக்குக் காட்டிவிட்டார்கள். சபேசன் சார் விஷயம் கேள்விப்பட்டு ஓடி வந்து, "யாருடி அதைத் தொட்டது?" என்று போட்ட சத்தத்தில் நடந்துகொண்டே செய்தி வாசித்த ரமணன் நின்றுவிட்டார். அன்றைக்கே இன்னொரு பூசணிக்காய் வாங்கி என்னைச் சுற்றி, லிஃப்டுக்குப் பக்கத்தில் போட்டு உடைத்தார். செக்யூரிட்டிக்காரன் வழுக்கி விழுந்தான், அது தனிக் கதை.

ஆனால் அதற்குள் தீ மாதிரி பரவிவிட்டது. கோயம்பேடு வந்து இறங்குகிறேன், இரண்டு பையன்கள் வந்து "அங்கிள், டீ வச்சிருக்கீங்களா" என்கிறார்கள். போனில் காட்டினார்கள். அதன் கீழே ஜனங்கள் போட்டிருந்ததைப் பார்த்தேன். ஒருத்தர் இரண்டு பேர் இல்லை, ஆயிரக்கணக்கில். அந்த மஞ்சள் மூஞ்சிப் பொம்மை இருக்கிறதே, இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் கொட்டுமே, அதை வரிசை வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொருத்தரும் நான்கு ஐந்து. இவ்வளவு பேர் எனக்காக அழுதிருக்கிறார்கள், தம்பி! நான் செத்தது அவர்களுக்குத் தாங்கவில்லை. எழுந்து உட்கார்ந்ததும் ஆனந்தக் கண்ணீர்.

என்ன? ஏதோ சொல்ல வாயெடுத்தீர்களே? ஒன்றுமில்லையா? சரி.

ஆரபி மேடமே போன் பண்ணினார். "சார், உங்களுக்கு உயிர் குடுத்துடலாம்" என்றார். நான் ரோட்டிலேயே நின்று கும்பிட்டேன். அப்புறம்தான் சொன்னார், "டிவியில இல்ல, போன்ல." டிவியில் நான் எப்போதும் போலச் செத்தே இருக்க வேண்டும். அங்கே அம்மாக்கள் அழுதுகொண்டிருக்கிறார்கள். போனில் தனியாக ஒரு தொடர். "சிவசாமி எந்திரிச்சிட்டார்" என்று பெயர். தினமும் ஒரு நிமிஷம். பாடையிலிருந்து எழுந்து உட்கார்ந்து, அன்றைக்கு வந்த எபிசோடைப் பற்றி நானே நாலு வார்த்தை சொல்லி, டீ கேட்டுவிட்டுப் படுத்துக்கொள்ள வேண்டும்.

அதிலும் ஒரு கஷ்டம் பாருங்கள். டிவி படுக்கை வசத்தில் இருக்கிறது, பாடையும் படுக்கை வசம், பொருந்திப் போயிற்று. போன் நெட்டுக்குத்தாக நிற்கிறதே? பாடை அதில் அடங்க மாட்டேன் என்கிறது. தலை தெரிந்தால் கால் இல்லை, கால் தெரிந்தால் தலை இல்லை. நிவேதா யோசித்தது. பாடையைத் தூக்கிச் சுவரில் சாய்த்து நிறுத்தி, நான் வழுக்காமல் இருக்க இடுப்பில் ஒரு கயிறு போட்டுக் கட்டிவிட்டார்கள். நின்றுகொண்டே செத்திருந்தேன். நின்றுகொண்டே எழுந்தேன். உலகத்தில் செய்தி வாசிக்கிறவன் நடக்க வேண்டியிருக்கிறது, பிணம் நிற்க வேண்டியிருக்கிறது. உட்காருகிறதும் படுக்கிறதும் பார்க்கிறவர்கள் மட்டும்தான்.

தொடர் பிய்த்துக்கொண்டு போயிற்று. ஆனால் எனக்கு என்ன பிரயோஜனம்? உயிரோடு இருக்கிறேன், தப்பான இடத்தில். சம்பந்தியம்மா பார்ப்பது டிவி. அங்கே போட்டோ, மாலை, அழுகை எல்லாம் அப்படியே. கல்யாண மண்டபத்தில் என் மச்சினன் என்ன கலர் சட்டை போடுவது என்று கேட்டு செண்பகத்துக்குப் போன் பண்ண ஆரம்பித்துவிட்டான். மேடையில் நிற்பதற்கு, அதாவது என் இடத்தில் நிற்பதற்கு.

போன மாசம் ஒருநாள். சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருக்கிறேன், மூக்கில் பஞ்சு. இடுப்பில் போன் அடிக்கிறது. தெரியாத நம்பர். எடுத்தேன். அந்தப் பக்கம் மூச்சு முட்டுகிற மாதிரி ஒரு சத்தம். யாரோ விக்கிக்கொண்டிருக்கிறார்கள். "யாருங்க? தண்ணி குடிங்க" என்றேன்.

"நான் கோமளம் பேசறேன் சம்பந்தி" என்றார். அப்புறம் மறுபடியும் அதே சத்தம். "அய்யோ, வயிறு வலிக்குது. ஒரு தடவை சொல்லுங்க சம்பந்தி. அந்த டீ... அதை ஒரு தடவை சொல்லுங்க."

சொன்னேன். பஞ்சு இருந்ததால் அச்சாக அதே குரல். அந்தப் பக்கம் போன் கீழே விழுந்தது. தேடி எடுத்துப் பேச அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

நடந்தது என்னவென்றால், கல்யாணப் புடவை டிசைன் பார்க்கட்டும் என்று பையன் அம்மாவுக்குப் புதுப் போன் வாங்கிக் கொடுத்திருக்கிறான். புடவையைத் தள்ளிக்கொண்டே போனவர் முன்னால் நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அன்றிலிருந்து ஒன்று விடாமல் பார்த்திருக்கிறார். டிவியைப் போடுவதே இல்லையாம். அவர் மட்டுமில்லை. மேடத்தின் லேப்டாப்பே பிறகு சொல்லிற்று, என்னைப் போனில் பார்ப்பதில் பாதிப்பேர் காலேஜ் பிள்ளைகள் இல்லை, அம்மாக்களாம். ஏழரைக்கு டிவி முன்னால் அழுது கொண்டிருந்தவர்கள்தான், மடியில் போனை வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள்.

மாப்பிள்ளையும் அன்றைக்கு ராத்திரி பேசினான். "மாமா, அப்பா போனப்புறம் அம்மா சத்தமா சிரிச்சு இன்னிக்குத்தான் கேட்டேன்" என்றான். அதை எதற்கு என்னிடம் தனியாகப் போன் போட்டுச் சொன்னான் என்று தெரியவில்லை. பொறுப்பான பிள்ளை, எல்லாவற்றையும் சொல்லிவிடுவான்.

சம்பந்தியம்மா சொன்னதைச் சொல்லவில்லையே. "சம்பந்தி, மேடையில நீங்களே நில்லுங்க. நீங்கதான் தாரை வார்க்கணும். ஆனா ஒண்ணு. உங்களுக்கு மாலை விழுந்ததும் கேமராவைப் பாத்து நல்லா சிரிச்சிடணும். அந்த வீடியோவுல சிரிச்சீங்கள்ல, அதே மாதிரி, பல்லு தெரிய. அப்பத்தான் எனக்குத் திருப்தி."

பாருங்கள், யாரும் சொல்லிக் கொடுக்காமல் எங்கள் தொழில் வழக்கத்தை அந்த அம்மாள் தானாகவே பிடித்துவிட்டார்.

நான் சொன்னேன், "சிரிச்சிடலாம்மா. ஆனா நீங்க கேமராவுக்குப் பக்கத்துலயே, முன்னாடி நிக்கணும். நடிகனுக்குப் பார்வை எங்க வைக்கணும்னு தெரியணும். சும்மா கேமராக் கண்ணாடியைப் பாத்து எனக்குச் சிரிப்பு வராது. உங்களைப் பாத்துத்தான் சிரிப்பேன்."

"நான் பந்திப் பக்கமா உக்காந்துக்கலாம்னு இருந்தேன். நான் முன்னாடி வந்து நிக்கறது சரியா இருக்குமா?" என்றார். "முன்னாடி நின்னாத்தான் பார்வை சரியா இருக்கும்மா. சைடுல நின்னா கண்ணு ஒருபக்கமா போயிடும்" என்றேன். தொழில் தெரியாதவர்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியிருக்கிறது. "சரி சம்பந்தி, நிக்கறேன்" என்று சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினார். ஜலதோஷம் போலிருக்கிறது.

அதோடு டிவியிலும் என் போட்டோ இறங்கிவிட்டது. கதாநாயகி போட்டோவுக்கு முன்னால் நின்று அழுதால், "முதல்ல பெரியப்பாவுக்கு டீ குடும்மா" என்று எல்லோரும் எழுத ஆரம்பித்துவிட்டார்களாம். அழுகை எடுபடவில்லை. சுவரிலிருந்து கழற்றிவிட்டு அங்கே ஒரு கடிகாரத்தை மாட்டிவிட்டார்கள். நேற்று செட்டில் ஒரு மூலையில் கிடந்தது, கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். "கல்யாண வீட்டுக்குள்ள அதைக் கொண்டு வந்தீங்க, நடக்கறதே வேற" என்று செண்பகம் போனிலேயே சொல்லிவிட்டாள். போட்டோவை எடுத்துவிடப் போகிறேன். சட்டம் நல்ல தேக்கு. அபிநயா கல்யாணப் போட்டோவை இதில் போட்டுக் கொடுக்கலாம் என்று ஒரு யோசனை. ஆணி அடித்த ஓட்டை ஏற்கெனவே இருக்கிறது.

செண்பகம்கூட இப்போது மாறிவிட்டாள். ஏழரைக்குப் போன் வருவதில்லை. போட்டோவை இறக்கின நாளிலிருந்தே வரவில்லை. கல்யாண வேலை, நேரமிருக்காது போல. எனக்குத்தான் ஏழரை ஆனால் பாக்கெட்டில் ஏதோ குறைகிற மாதிரி இருக்கிறது. பழக்கதோஷம்.

இது விராலிமலையா? மயில் படம் போட்ட வளைவு தெரிகிறதே. அப்படியானால் இன்னும் கொஞ்ச நேரம்தான்.

தம்பி, உங்களிடம் ஒரு உதவி. முகூர்த்தம் நாளை மறுநாள். இரண்டு நாளாக ஒரு யோசனை. செத்த பிறகு சிரிப்பது ஒன்றும் பெரிய காரியமில்லை, யாரும் எதையும் கொண்டுபோகவில்லை. இது அப்படி இல்லையே. மாலை விழும், அடுத்து பெண் கையை எடுத்து மாப்பிள்ளை கையில் வைக்க வேண்டும், செண்பகம் சொம்பிலிருந்து தண்ணீர் விடுவாள். அந்த நேரத்தில் பல் தெரிய எப்படிச் சிரிப்பது? மூன்று வருஷம் "பொறுமையா இரும்மா" என்று எத்தனையோ விதமாகச் சொன்னவனுக்கு இது வரவில்லை. கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன், வரவில்லை. ஒரு ஒத்திகை பார்த்துவிடலாமா? போனை எடுங்கள். இப்போது எடுக்கலாம்.

அந்த மாலை வேண்டாம், அது போட்டோவுக்குப் போட்டது. இந்தத் துண்டு, இதை என் கழுத்தில் போடுங்கள். ம், அப்படித்தான். நீங்கள்தான் சம்பந்தியம்மா என்று வைத்துக்கொள்கிறேன். போனை ஆட்டாமல் பிடியுங்கள். இந்தச் சட்டத்தின் மூலையைப் பிடித்துக்கொள்கிறேன், இது அபிநயா கை.

ஓடுகிறதா?

...

போதும், நிறுத்துங்கள். எப்படி வந்திருக்கிறது? கொடுங்கள், பார்க்கிறேன். வெளிச்சம் அடிக்கிறது, கொஞ்சம் கையால் மறையுங்கள்.

அட.

வாயெல்லாம் பல். இரண்டு கண்ணிலும் தண்ணீர் கொட்டுகிறது. அந்த மஞ்சள் மூஞ்சிப் பொம்மை அச்சாக இப்படித்தானே இருக்கும், தம்பி?

அப்படியானால் அது... சிரிப்பா?

சொல்லக் கூடாதா நீங்கள், இவ்வளவு நேரமாக நான் பேசிக்கொண்டே வருகிறேன், ஒரு வார்த்தை?

போகட்டும். அழியாமல் வைத்திருங்கள் அதை. சம்பந்தியம்மாவுக்கு அனுப்ப வேண்டும், நம்பர் சொல்கிறேன். இது போதுமா, இல்லை கண்ணீர் இல்லாமல் வேண்டுமா என்று கேளுங்கள். கண்ணீர் இல்லாமல் என்றால் என்னால் முடியாது, மச்சினனை நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

என்ன, அனுப்பின கையோடு பதில் வந்துவிட்டதா? என்ன எழுதியிருக்கிறார்?

காட்டுங்கள்.

எழுதவில்லையா? மஞ்சள் மூஞ்சியா? எத்தனை?